கட்டைவிரல்

காசை நான் முதலில் பார்க்கவில்லை.
அதைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தேன்.
நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது,
ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.
விரல்களைக் குத்திப் பிழைக்கிறவளுக்கு
வேறெது கண்ணில் படும்.

கீழே எழுதியிருந்தது:
பாண்டியர் செம்பு, இரட்டை மீன்,
வைகை மணலில் கிடைத்தது, மிக மிக அரிது,
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.
தபால் செலவு அறுபது தனி.

இரவு பதினொன்றரை. செல்லூரில் மின்சாரம் போய்
கைபேசி வெளிச்சத்தில் மீன்கள் மட்டும் இருந்தன.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
ஓரளவுக்கு மேல் படம் சதுரம் சதுரமாக உடைகிறது,
அதன்பிறகு நம்பத்தான் வேண்டும்.
"மேலும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றது திரை.
அந்த மூன்று பேர் மேல் வந்த கோபத்தில்
பணம் கட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் வந்தது.
பஞ்சுக்குள் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்குள் மீன்.
விளம்பரத்தில் ஊர் ஜெய்ப்பூர்.
உறையில் முத்திரை அரசரடி.

லேப் தராசில் வைத்தேன்,
புத்தகம் சொன்னதைவிட அரை கிராம் கூடுதல்.
"கூடுனா லாபந்தானேக்கா" என்றாள் அழகுமீனா, பில் போடுகிறவள்.
ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றினேன்.
எழுநூறு வருடத்துப் பச்சை
பஞ்சோடு வந்துவிட்டது.
யாருடைய மலேரியாவையோ எடுத்துவைத்துவிட்டு
லென்சுக்கு அடியில் காசைச் சொருகி டார்ச் அடித்தேன்.
உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம்.
அடித்த காசில் கொப்புளம் வராது,
ஊற்றியதில்தான் காற்று மாட்டிக்கொள்ளும்.
வலது மீனின் வாலடியில் ஒரு பள்ளம்.

அடுத்த வாரம் வேறொரு மீன் விலைக்கு வந்தது.
அதற்கும் வாலடியில் அதே பள்ளம்,
ஓரத்தில் அதே நகம்.

அன்றைக்குக் காலையில்தான் கோரிப்பாளையம் ஷேர் ஆட்டோக்காரர்
என் பத்து ரூபாய்க் காசைத் திருப்பிக் கொடுத்தார்.
"இது போகாதுக்கா."
அரசாங்கம் அடித்தது. எடை சரி, விளிம்பு சரி.
ஒன்றும் சொல்லாமல் நோட்டை நீட்டினேன்.

வியாழக்கிழமை, ஏழேகால், வெறும் வயிறு.
சீட்டில் சவரிராயன், ஐம்பத்தெட்டு.
"கட்டைவிரல உள்ள வச்சு இறுக்கி மூடுங்க."
மூடினார். நரம்பு நன்றாக எழுந்தது.
"போதும், திறக்கலாம்."
திறந்தார்.

ஊசி என் கையில்தான் இருந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.
குழாயில் பெயர் எழுதினேன்.
எழுத்து கோணவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வந்தார். இருநூற்று எண்பத்தாறு.
"மிசினு சரியாத்தான் காட்டுதா?
வேற எடத்துல ஒருக்காப் பாத்துரவா?"
"பாருங்க சார். சந்தேகம்னா பாத்துக்கிறது நல்லதுதான்."

பிறகு என்ன தோன்றியதோ,
டிராயரைத் திறந்து மீனை எடுத்து வைத்தேன்.
"இதப்பத்தி ஏதாச்சும் தெரியுமா?"
நான் ஏன் அவரிடம் கேட்கிறேன் என்று அவர் யோசிக்கவில்லை.
காசைக் கண்டதும் சர்க்கரை மறந்துபோனது.
பிளந்த நகத்தால் விளிம்பைச் சுற்றி வந்தார்,
மேசையில் சுண்டிக் காதைச் சாய்த்தார்.

"வார்ப்பு. எரநூறு கூடப் பெறாது.
எவன்மா உங்கள ஏமாத்துனது?"

கூட்டாமல் குறைக்காமல் சொன்ன விலை.
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பதுக்கு
இதுதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.
தபால் தனி.

"பேர் தெரியாது சார்.
வெரல் மட்டுந்தான் பாத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் கேட்டது.
கட்டைவிரலை உள்ளே வைத்து
மெல்லக் கையை மூடினார்,
காலையில் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

பில் நூற்றிருபது.
சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டு பத்து ரூபாய்க் காசுகளை
ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.
அழகுமீனா என் முகத்தைப் பார்த்தாள், வாங்கலாமா என்று.
அவரும் பார்த்தார்.
அடுக்கைக் கலைத்து
ஒவ்வொன்றாகத் திருப்பினேன், அவசரப்படாமல்,
விளிம்பு, சிங்கம், வருடம்.

"எல்லாம் நல்ல காசுதான்" என்றேன்.
"போட்டுக்க."